நேரோபோட்ல ஒரு நாள் கேனல் ட்ரிப்: பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன்ல இருந்து டண்டாஸ் போய்ட்டு வர முழு வழிகாட்டி

இங்கிலாந்து கேனல்ல ஒரு நாளைக்கு நேரோபோட் (கேனலுக்குன்னே செஞ்ச நீளமான, ஒல்லியான போட்) வாடகைக்கு எடுக்க லைசன்ஸ் எதுவும் வேணாம். காலைல போனா போட் கம்பெனிக்காரங்க அரை மணி நேரம் சொல்லிக்குடுத்துட்டு, பல டன் வெயிட் இருக்குற இரும்பு போட்டோட சாவியை கைல குடுத்துடுவாங்க. ஓட்டுறது எப்படின்னு மதியத்துக்குள்ள எல்லாருக்கும் வந்துடும். ஆனா முதல் தடவை வர்ற கேங் எல்லாம் திரும்பத் திரும்ப மாட்டுறது ஒரே இடத்துலதான்: தூரத்தை மேப்ல பாத்துட்டு நேரத்தைத் தப்பா போட்டுடுறாங்க, அப்புறம் சாயங்காலம் போட்டை டைமுக்கு விடணும்னு வேகமா ஓட்டி, கரைல இடிச்சு, கட்டி வச்சிருக்குற போட்காரங்க கிட்ட திட்டு வாங்கி, டென்ஷனோட முடிக்கிறாங்க. அதனால இந்த ஆர்டர்லயே பண்ணுங்க.

1. முதல்ல ரூட், அப்புறம்தான் போட்

நான் கென்னெட் அண்ட் ஏவன் கேனலை வச்சு சொல்றேன். இது ரெடிங்ல இருந்து பிரிஸ்டல் வரைக்கும் 87 மைல் போற தண்ணி ரூட். புதுசா வர்றவங்களுக்கு இதுல பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனுக்கும் பாத் ஊருக்கும் நடுவுல இருக்குற பகுதிதான் சரி. காரணம், பிராட்ஃபோர்ட் லாக்கை (தண்ணிய ஏத்தி இறக்கி போட்டை ஒரு மட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற, கேட் வச்ச தொட்டி) தாண்டிட்டா பாத் ஊர் மேல் லாக் வரைக்கும் சுமார் 9 மைலுக்கு லாக்கே கிடையாது. இதே கேனல்ல டிவைசஸ் பக்கம் கேன் ஹில்னு ஒரு இடம் இருக்கு, 29 லாக், போட்டோல பாக்க செமயா இருக்கும், ஆனா ஒரு நாள் ட்ரிப்புக்கு அந்தப் பக்கம் தலை வச்சுக்கூட படுக்காதீங்க.

இன்னொண்ணு, சாட்நாவ்ல வெறும் "பிராட்ஃபோர்ட்"னு போட்டா யார்க்‌ஷயர்ல இருக்குற பெரிய ஊருக்கு கூட்டிட்டு போயிடும். நமக்கு வேண்டியது வில்ட்‌ஷயர்ல இருக்குறது. ட்ரெயின்ல வர்றவங்க லண்டன் பேடிங்டன்ல ஏறி பாத் ஸ்பால மாறணும், அங்கேருந்து கால் மணி நேரம்தான்.

2. நேரக் கணக்கு, இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

கேனல்ல ஸ்பீட் லிமிட் மணிக்கு 4 மைல். நிஜத்துல 3 மைல் போனாலே பெரிசு. இந்தப் பகுதில கரையோரமா போட்லயே குடியிருக்குறவங்க ரொம்ப ஜாஸ்தி, அவங்க போட்டைத் தாண்டும்போதெல்லாம் என்ஜினை ஐடில்ல வச்சுதான் போகணும், அதனால சராசரி 2 மைல்னு போட்டுக்கோங்க.

இப்ப கணக்கு பாருங்க. காலை ஒன்பதரைல இருந்து அஞ்சு வரைக்கும் போட் உங்களுதுன்னா ஏழரை மணி நேரம். சொல்லிக்குடுக்க அரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி போச்சு, மிச்சம் ஆறு. டண்டாஸ் அக்வடக்ட் (கேனலை ஆத்துக்கு மேல தூக்கிட்டுப் போற பாலம்) சுமார் 5 மைல், போக ரெண்டரை, வர ரெண்டரை, ஆக அஞ்சு, ஒரு மணி நேரம் கைல நிக்குது. திருப்புறதுக்கும், எதிர்ல வர்ற போட்டுக்கு வெயிட் பண்றதுக்கும், எவனாவது போட்டோ எடுக்கணும்னு நிறுத்தச் சொல்றதுக்கும் அந்த ஒரு மணி நேரம் சரியா இருக்கும். பாத்ஹாம்ப்டன் வரைக்கும் போலாம்னு யாராவது கிளப்புவாங்க, அது இன்னும் மூணு மைல், போய்ட்டு வரவே எட்டு மணி நேரம் ஆயிடும், ஆகாது.

அதனால இடத்தை டார்கெட்டா வைக்காதீங்க, நேரத்தை வைங்க. "ஒரு மணிக்கு எங்க இருந்தாலும் சரி, அடுத்து வர்ற திருப்புற இடத்துல திரும்பிடுவோம்"னு கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி, ஒருத்தர் போன்ல அலாரம் வச்சுடுங்க. இருட்டினப்புறம் வாடகை போட் ஓட்டக்கூடாது, அதனால லேட்டா வந்தாலும் பரவால்லங்கற பேச்சுக்கே இடம் இல்ல.

3. புக் பண்ணும்போது கேக்க வேண்டியது

ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் சீசன். பேங்க் ஹாலிடே (அரசு விடுமுறை) வீக்கெண்ட் வேணாம், கேனல் ஃபுல்லா புதுசா ஓட்டுறவங்களா இருப்பாங்க, ஒருத்தர் குறுக்கால நின்னா எல்லாரும் நிக்கணும். வாரநாள் லீவு போட முடிஞ்சா அதான் பெஸ்ட்.

போன்ல இதெல்லாம் கேளுங்க: எத்தனை பேர் ஏறலாம் (பெரும்பாலும் அதிகபட்சம் 12 பேர்தான்), போட் எத்தனை அடி, டாய்லெட் இருக்கா, அடுப்பு இருக்கா, டீசல் காசு சேத்தியா தனியா, டெபாசிட் எவ்ளோ, உங்க இடம் லாக்குக்கு எந்தப் பக்கம். கடைசிக் கேள்வி முக்கியம், மேல் பக்கமா இருந்தா பாத் பக்கம் போக ஒரு லாக் இறங்கியே ஆகணும், நேரக் கணக்கு மாறிடும். போட் நீளமும் முக்கியம், ஏன்னா எல்லா போட்டும் எல்லா இடத்துலயும் திரும்பாது. பன்னெண்டு பேர் ஏறலாம்னா பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு போகணும்னு இல்ல, எட்டு பேர்னா எல்லாருக்கும் உக்கார இடம் இருக்கும், அதுக்கு மேல போனா மழை வந்ததும் உள்ள நெருக்கடிதான்.

போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கேனலைப் பராமரிக்கிற கேனல் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் சைட்ல அந்த ரூட்ல ஏதாவது க்ளோஸ் பண்ணியிருக்காங்களான்னு பாத்துடுங்க. குளிர்காலத்துல ரிப்பேருக்கு மூடுவாங்க, மழை இல்லாட்டி தண்ணி பத்தாமயும் மூடுவாங்க, 2025 கோடைல வடக்குல பல கேனல் அப்படி மூடிக் கிடந்துச்சு.

4. பையில என்ன

கிரிப் இருக்குற ஷூ, செருப்பு வேணாம், ஓரத்துல நடக்குற இடம் ஒரு பாதம் அகலம்தான், மழை பட்டா வழுக்கும். வெயில் அடிச்சாலும் மழைக்கோட்டு எடுத்துக்கோங்க, டில்லர் (போட்டைத் திருப்புற, பின்னாடி இருக்குற நீளக் கைப்பிடி) பிடிக்கிறவருக்கு மேல கூரை கிடையாது. கயிறு இழுக்க பழைய கிளவுஸ், குப்பைப் பை, டார்ச். நீச்சல் தெரியாதவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் வேணும்னு முன்னாடியே சொல்லி சைஸ் குடுத்துடுங்க. துப்பட்டா, தொங்குற ஸ்கார்ஃப் எல்லாம் கயிறு, விஞ்ச் பக்கம் ஆகாது.

சாப்பாடு வீட்லயே செஞ்சு எடுத்துட்டு போயிடுங்க. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வேலை முடிஞ்சது. போட்ல சமைக்கப் போறேன்னு ஒருத்தர் அடுப்பு முன்னாடி நின்னா அவருக்கு கேனலே தெரியாது. ஆனா டீக்கு வேண்டியதை மறக்காதீங்க. டிஸ்போசபிள் பார்பிக்யூ போட்டுக்குள்ள வேணவே வேணாம், கார்பன் மோனாக்ஸைடு மூடுன கேபின்ல ஆளையே கொன்னுடும். அணைஞ்ச பார்பிக்யூவையும் உள்ள எடுத்துட்டு வராதீங்க, அதுவும் அதே ஆபத்துதான்.

கேனல் தண்ணில எலி மூத்திரம் மூலமா வர்ற லெப்டோஸ்பைரோசிஸ் ரிஸ்க் இருக்கு. அதனால கைல வெட்டு, சிராய்ப்பு இருந்தா பிளாஸ்டர் ஒட்டிடுங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவுங்க.

5. கிளம்புறதுக்கு முன்னாடி வேலையைப் பிரிங்க

சொல்லிக்குடுக்கும்போது எல்லாரும் நின்னு கேக்கணும். ஒருத்தன் மட்டும் கேட்டுட்டு மத்தவங்க செல்ஃபி எடுத்துட்டு இருந்தா, அந்த ஒருத்தன் நாள் முழுக்க டிரைவர், சாயங்காலம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பான்.

ஒருத்தர் டில்லர், ஒருத்தர் முன்னாடி உக்காந்து எதிர்ல என்ன வருதுன்னு சொல்றவர், ரெண்டு பேர் கயிறு. முக்கால் மணிக்கு ஒரு தடவை மாத்துங்க. பின்னாடி என்ஜின் சத்தத்துல முன்னாடி கத்துறது காதுல விழாது, அதனால கை சைகையை இப்பவே பேசி வச்சுக்கோங்க: கை நீட்டுற பக்கம் ஆபத்துன்னு அர்த்தமா இல்ல அந்தப் பக்கம் போன்னு அர்த்தமான்னு முடிவு பண்ணாம போனா நேரா போய் இடிக்கிறதுதான். டில்லர் பிடிக்கிறவர் குடிக்கக்கூடாது, அது பேச்சுக்கே இல்ல.

என்ஜின் எப்படி ஆஃப் பண்றது, நியூட்ரல் எங்க, லைஃப் பெல்ட் எங்க, எமர்ஜென்சி நம்பர் எங்க ஒட்டியிருக்கு, இந்த நாலையும் உங்க கையால தொட்டுப் பாத்துடுங்க.

6. கரைய விட்டு கிளம்புறது

முன் கயிறு, பின் கயிறு ரெண்டையும் அவுத்து, சுருட்டி, போட் மேல வைங்க. தண்ணில தொங்க விட்டா ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கும், நாள் அங்கயே முடிஞ்சுது. அப்புறம் முன்பக்கத்தை ஒரு ஆள் கையால வெளிய தள்ளி விட்டுட்டு ஏறிடணும், மெதுவா முன்னாடி எடுங்க. கார் மாதிரி ஸ்டீரிங்கை திருப்பிட்டு வேகமா எடுத்தா பின்பக்கம் கரைல போய் உரசும், ஏன்னா போட் நடு மையத்துல சுத்துது, முன்னாடி வெளிய போனா பின்னாடி உள்ள வரும்.

7. டில்லர் பிடிக்கிறது

டில்லரை எந்தப் பக்கம் தள்ளுறீங்களோ அதுக்கு எதிர்ப்பக்கம் போட் போகும். இது அஞ்சு நிமிஷத்துல பழகிடும். பழகாதது என்னன்னா, போட் உடனே திரும்பாது. தள்ளிட்டு ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணும் ஆகலையேன்னு இன்னும் தள்ளுவாங்க, அப்புறம் ஒரேயடியா திரும்பும், பதறிப்போய் எதிர்ப்பக்கம் தள்ளுவாங்க, கேனல் முழுக்க பாம்பா நெளிஞ்சு போவாங்க. கொஞ்சமா தள்ளுங்க, முன்பக்க முனையையே பாருங்க, அது நகர ஆரம்பிச்ச உடனே டில்லரை நடுவுக்குக் கொண்டு வாங்க.

ப்ரொப்பெல்லர் தண்ணிய சுக்கான் மேல தள்ளுனாதான் திரும்பும். நியூட்ரல்ல திரும்பாது, ரிவர்ஸ்ல கிட்டத்தட்ட திரும்பவே திரும்பாது, அதனால வளைவுல பயந்து ரிவர்ஸ் போட்டீங்கன்னா கட்டுப்பாடு போச்சு. பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக், நிக்க நாலஞ்சு போட் நீளமாவது வேணும்னு வச்சுக்கோங்க.

நிக்கிற இடத்தையும் கவனிங்க. ஹேட்ச்சுக்குள்ள (பின்பக்கம் கேபின் வாசல்ல இருக்குற திறப்பு) நில்லுங்க, டில்லர் சுத்துற வட்டத்துக்குள்ள நிக்காதீங்க. ரிவர்ஸ் போகும்போது சுக்கான் எதுலயாவது தட்டுனா டில்லர் படார்னு சுத்தி ஆளைத் தண்ணில தள்ளிடும், கீழ ப்ரொப்பெல்லர் ஓடிட்டு இருக்கும்.

8. வேகம், எதிர் போட், பாலம்

பின்னாடி திரும்பிப் பாருங்க. கரைல அலை உடைஞ்சு நுரை வந்தா நீங்க வேகம், குறைங்க. கேனல் ஆழமில்ல, நீங்க ஆக்சிலரேட் பண்ணா போட் வேகம் கூடாது, பின்பக்கம் கீழ உக்காரும், கரைல மண்ணு அரிக்கும், டீசல் போகும், அவ்ளோதான்.

கட்டி வச்சிருக்குற போட் வர்றதுக்கு ரெண்டு மூணு போட் நீளம் முன்னாடியே ஐடிலுக்கு வந்துடணும், பக்கத்துல வந்து குறைச்சா லேட். நீங்க வேகமா போனா அவங்க போட்டை தண்ணி இழுக்கும், கரைல அடிச்ச முளை பிடுங்கிட்டு வரும், உள்ள அடுப்புல பால் வச்சிருக்குறவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அவங்க வெளிய வந்து "ஸ்லோ டவுன்"னு கத்துறது இதுக்குத்தான்.

எதிர்ல போட் வந்தா வலது பக்கம் ஒதுங்கணும், ரோட்டுக்கு நேர் ஆப்போசிட், இடது பக்கமே ஓட்டிப் பழகுன கை தப்பு பண்ணும். ரொம்ப முன்னாடியே ஓரம் போயிடாதீங்க, ஓரத்துல ஆழம் கிடையாது, சேத்துல உக்காந்துடும். நடுவுலயே வந்து, கிட்ட வரும்போது ஒதுங்கி, தாண்டின உடனே நடுவுக்கு.

பாலத்துக்கு அடியில ஒரு போட்டுக்குத்தான் இடம். யார் கிட்ட இருக்காங்களோ அவங்க முதல்ல போவாங்க, சந்தேகம்னா நீங்க நின்னுடுங்க. தூரத்துலயே நேராக்கிடுங்க, வாய்ல போய் நேராக்க முடியாது. மேல உக்காந்திருக்குறவங்க இறங்கணும், கை கால் வெளிய நீட்டக்கூடாது. இடிக்கப் போகுதுன்னா இடிக்கட்டும், கையாலயோ காலாலயோ தடுக்கப் போகாதீங்க, இரும்புக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டுனா எலும்புதான் உடையும்.

9. ஏவன்க்ளிஃப் வளைவு

பிராட்ஃபோர்ட்ல இருந்து ஒன்றரை மைல்ல ஏவன்க்ளிஃப் அக்வடக்ட். கேனல் அப்படியே ஆத்துக்கு மேல பாலத்துல ஏறிப் போகும். ரெண்டு முனைலயும் கூர்மையான திருப்பம், எதிர்ல வர்றது தெரியவே தெரியாது. இங்கதான் நிறைய பேர் குறுக்கால நிக்கிறாங்க.

பண்ண வேண்டியது: முன்னாடியே வேகம் குறை, நீளமா ஒரு ஹார்ன், முடிஞ்சா ஒரு ஆளை முன்னாடியே இறக்கி விட்டு டோபாத்ல (கேனல் கரையோர நடைபாதை) நடந்து போய்ப் பாக்கச் சொல்லு. திருப்பத்துல முன்முனை திரும்ப ஆரம்பிச்சதும் கொஞ்சம் த்ராட்டில் குடுத்தா சுக்கான் நல்லா கடிக்கும், போட் வேகம் எடுக்குறதுக்கு முன்னாடி குறைச்சுடு. புதுசா இருந்தா இந்த இடத்துல டில்லர் பிடிக்கிற ஆளை மாத்தாதீங்க.

லேட்டா வர்ற நண்பருக்கும் இந்த இடம் உதவும். ஏவன்க்ளிஃப்ல குட்டி ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, அக்வடக்ட்க்குப் பக்கத்துலயே, ஆனா ரிக்வெஸ்ட் ஸ்டாப், உள்ள இருக்குறவர் கார்டு கிட்ட சொல்லணும், ஏறுறவர் டிரைவருக்குக் கை காட்டணும், இல்லன்னா நிக்காம போயிடும். அங்கயே க்ராஸ் கன்ஸ்னு பப் இருக்கு. போகும்போது நிறுத்தாதீங்க, ஒரு டிரிங்க்னு சொல்லி ஒரு மணி நேரம் போயிடும். வரும்போது நேரம் மிச்சமிருந்தா பாத்துக்கலாம்.

10. கரைல கட்டுறது

டோபாத் பக்கம், நேரான இடமா பாருங்க. வளைவு, பாலத்துக்கிட்ட, லாக் முன்னாடி, தண்ணி பிடிக்கிற இடம், திருப்புற இடம், இங்கெல்லாம் கட்டக்கூடாது. மெதுவா சாய்வா முன்முனையை கரைக்கு விடுங்க, நியூட்ரல், கொஞ்சம் ரிவர்ஸ், போட் நின்னப்புறம் நடுக்கயிறோட ஒருத்தர் இறங்கணும். இறங்கணும், குதிக்கக்கூடாது. ஓடுற போட்ல இருந்து குதிச்சு கால் சுளுக்குறதுதான் இந்த ட்ரிப்ல ரொம்ப காமன்.

கயிறைக் கையில சுத்திப் பிடிக்காதீங்க, போட் இழுத்தா விரலோட போகும். நடுக்கயிறு நிறுத்துறதுக்கு மட்டும், கட்டுறது முன்னாடியும் பின்னாடியும், ரெண்டும் போட்ல இருந்து வெளிப்பக்கமா சாய்வா. நடுக்கயிறுல மட்டும் கட்டி விட்டா வேற போட் போகும்போது உங்களுது ஒரு பக்கமா சாயும், மேசை மேல இருக்குற சாதம் தரைல. முளை அடிச்சா அது மேல ஒரு வெள்ளைப் பையைக் கட்டுங்க, சைக்கிள்ல வர்றவங்க தடுக்கி விழாம இருக்க.

11. திருப்புறது

நேரோபோட் கேனலோட அகலத்தை விட நீளம், அதனால கண்ட இடத்துல திரும்பாது, அதுக்குன்னு அகலமா வெட்டி விட்டிருக்குற விண்டிங் ஹோல்லதான் திருப்பணும். டண்டாஸ் அக்வடக்ட் பக்கத்துல இருக்குற அகலமான பேசின்ல திருப்பலாம், ஆனா உங்க போட் நீளத்துக்கு எங்க திருப்பணும்னு காலைல போட் கம்பெனிக்காரங்ககிட்டயே மேப்ல மார்க் பண்ணி வாங்கிக்கோங்க. முன்முனையை அந்த அகலமான பள்ளத்துக்குள்ள மெதுவா விட்டு கரைல லேசா முட்ட வைங்க, டில்லரை முழுசா ஒரு பக்கம் தள்ளி கொஞ்சம் முன்னாடி பவர் குடுங்க, பின்பக்கம் சுத்தி வரும். முக்கால்வாசி சுத்தினதும் ரிவர்ஸ் எடுத்து வெளிய வாங்க. பின்பக்கத்தைக் கரைக்கு விடாதீங்க, அங்கதான் ப்ரொப்பெல்லர் இருக்கு. காத்து அடிச்சா அது எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்து அதோட சேந்து சுத்துங்க, எதிர்த்து சுத்த நெனச்சா அரை மணி நேரம் போயிடும்.

12. லாக் வந்தா

உங்க கம்பெனி லாக்குக்கு மேல இருந்தாதான் இது. வாலன்டியர் லாக் கீப்பர் இருந்தா அவர் சொல்றதைக் கேளுங்க. இல்லன்னா இந்த ஆர்டர்.

இறங்கும்போது லாக் தண்ணி நிறைஞ்சு இருக்கணும், கேட் தொறந்து உள்ள போய், மேல் கேட்டை மூடி, மேல் பேடில் (தண்ணிய விடுற சின்ன மதகு) எல்லாம் கீழ இருக்கான்னு பாத்துட்டு, கீழ் கேட் பேடிலைத் தூக்குங்க. மேல் கேட்டுக்குக் கீழ உள்பக்கம் ஒரு கல் திண்டு நீட்டிட்டு இருக்கும், தண்ணி இறங்குனாதான் தெரியும், ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க. பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாடியே இருக்கணும். திண்டு மேல சுக்கான் உக்காந்துட்டா முன்பக்கம் இறங்கி போட் முழுகிடும், கேனல்ல போட் முழுகுற பெரிய காரணங்கள்ல இது ஒண்ணு. டில்லர்ல ஒருத்தர் கண்டிப்பா நின்னு பாத்துட்டே இருக்கணும். கயிறை பொல்லார்டுல (கரைல இருக்குற குட்டைத் தூண்) சுத்திப் பிடிங்க, முடிச்சுப் போடாதீங்க, தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடுக்கணும், முடிச்சு போட்டா போட் தொங்கும்.

ஏறும்போது கரைல இருக்குற பேடிலை முதல்ல பாதி தூக்குங்க, கேட்ல இருக்குறதை அப்புறம். கேட் பேடிலை முதல்லயே தொறந்தா தண்ணி நேரா முன்பக்கத்துல கொட்டும்.

பேடிலைத் தூக்குற விண்ட்லாஸ்ங்கற கைப்பிடியை அச்சுலயே விட்டுட்டு நகராதீங்க, கொக்கி நழுவுனா அது சுத்திப் பறந்து மூஞ்சில அடிக்கும். ரெண்டு விண்ட்லாஸ் வாங்கிக்கோங்க, ஒண்ணு தண்ணிக்குள்ள போகத்தான் போகுது. ஏதாவது சரியில்லன்னு தோணுனா யோசிக்காம பேடிலை இறக்குங்க, தண்ணி நின்னுடும், அப்புறம் யோசிக்கலாம்.

13. மாட்டிக்கிட்டா

சேத்துல உக்காந்துட்டா முன்னாடி பவர் குடுக்காதீங்க, இன்னும் புதையும். ரிவர்ஸ், எல்லாரும் ஆழமான பக்கம் போய் நில்லுங்க, நீளக் கம்பால தள்ளுங்க.

என்ஜின் அதிர்ந்து, கருப்பா புகை வந்து, போட் நகரலன்னா ப்ரொப்பெல்லர்ல துணியோ பிளாஸ்டிக் பையோ சுத்தியிருக்கு. என்ஜின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்ல, அப்புறம் கம்பெனிக்கு போன் பண்ணுங்க. வீட் ஹேட்ச்சை (ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்குற மூடி) தொறந்து நீங்களே எடுக்கலாம்னு அவங்க சொன்னா மட்டும் எடுங்க, மூடியை இறுக்கமா திரும்பப் போட்டாச்சான்னு ரெண்டு பேர் செக் பண்ணுங்க, சரியா மூடலன்னா என்ஜின் ஸ்டார்ட் பண்ண உடனே தண்ணி உள்ள அடிக்கும்.

யாராவது விழுந்தா முதல் வேலை நியூட்ரல். ரிவர்ஸ்ல அவங்கள நோக்கிப் போகாதீங்க. பெரும்பாலான இடத்துல கேனல் இடுப்பளவு, நெஞ்சளவுதான், "எந்திரிச்சு நில்லு"ன்னு கத்துங்க, லைஃப் பெல்ட்டை அவங்க கிட்ட வீசுங்க, நீங்களும் குதிக்காதீங்க. லாக்குக்குள்ள விழுந்தா வேற கதை, அங்க ஆழம் ஜாஸ்தி, உடனே பேடிலை மூடுங்க, என்ஜினை ஆஃப் பண்ணுங்க.

14. போட்டைத் திருப்பிக் குடுக்குறது

அரை மணி நேரம் முன்னாடியே வந்து சேருற மாதிரி ஓட்டுங்க, ஏன்னா எல்லா டே போட்டும் ஒரே நேரத்துல திரும்பும், வார்ஃப் (போட் நிறுத்துற கம்பெனி இடம்) முன்னாடி வரிசைல நிக்கணும். உள்ள நிறுத்துறது கஷ்டம்னா வெளிய கரைல கட்டிட்டு ஆளைக் கூப்பிடுங்க, அவங்களே வந்து எடுத்துப்பாங்க, அதுக்கு யாரும் குறைச்சு நினைக்க மாட்டாங்க.

பாத்திரம் கழுவி, குப்பையை எடுத்து, விண்ட்லாஸ், முளை, சுத்தியல் எல்லாம் எண்ணிக் குடுங்க, டெபாசிட்ல பிடிக்கிறது பெரும்பாலும் இதுக்குத்தான். போட்ல இடிச்சது ஏதாவது இருந்தா அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே காட்டிடுங்க. ட்ரெயின்ல போறவங்க ஞாயித்துக்கிழமை டைம்டேபிளைக் காலைலயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, வாரநாள் அளவுக்கு ட்ரெயின் இருக்கும்னு நம்பி நிக்க வேணாம்.